பூட்டிய கேட்டும் ஆறு நாள் காவலும்

ஐம்பத்து நான்கு வயதில், ஊர் பேர் தெரியாதவர்களின் அடுப்படிக்குள் புகுந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன், சுவரில் கடுகு தெறித்திருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவேன் என்று யாராவது மட்டக்களப்பில் வைத்துச் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். ஆனால் அதைத்தான் செய்தேன். ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகையில், ஒரு கென்யாக்காரரோடு, இரண்டு நாள் முழுக்க.

நான் போனது வேறு வேலைக்கு. சண்டை நடக்கும் இடங்களில் ஆயுதம் இல்லாமல் போய் நின்று மக்களுக்குத் துணையாக இருப்பது, தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, இதற்கெல்லாம் பல நாட்டுத் தொண்டர்களைச் சேர்த்துப் பழக்கும் குழு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் யுத்தம் முடிந்த காலத்திலிருந்து நானும் அதில் இருக்கிறேன். இந்த முறை பயிற்சி சென்னைக்கு மேற்கே நூம்பலில் நடந்தது. வகுப்புகள் முடிந்ததும் எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, பழகிப் பார்க்க ஒவ்வோர் இடத்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு விழுந்தது கோவில்பதாகையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் தேர்தல்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆமிக்காரர் துவக்கோடு நின்ற வாக்குச்சாவடிகளில் நின்றவள் நான். எனக்குப் போய் நாலு தெருச் சங்கத் தேர்தலா? என்னோடு சேர்த்துவிட்ட ஒட்டியேனோவிடம் முறைப்பட்டேன். அவர் கென்யாவில் ஏரிக்கரை நகரம் ஒன்றில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு தேர்தலுக்குப் பிறகு அவருடைய நகரம் எரிந்தபோது தெருவில் இறங்கி நின்ற மனிதர். அவர் சிரித்துக்கொண்டே, "சகோதரி, பெரிய தேர்தலில் தோற்றவர் தலைநகருக்குப் போய்விடுவார். இங்கே தோற்றவர் மறுநாள் அதே கடையில்தான் பால் வாங்க வேண்டும்" என்றார்.

முதல் நாளே பிழை விட்டோம். ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஒட்டியேனோவின் முழங்கால் அவருடைய தாடையில் இடித்தது. என் மடியில் யாரோ ஒரு பெண்ணின் கீரைக்கட்டு. டிரைவர் கலகலப்பான ஆள். நான் இரண்டு வார்த்தை கதைத்ததுமே, சிலோனா என்று கேட்டார். ஆமென்றேன். தமிழ் நல்லா பேசுறீங்களே என்று பாராட்டினார். நான் தமிழ் நன்றாகப் பேசுகிறேனாம்! தாய் வயிற்றிலிருந்து பேசுகிறேன் ஐயா என்று சொல்ல வாய் வந்தது, கீரைக்கட்டு சரிந்ததில் விட்டுவிட்டேன்.

அவர் மற்றவர்களை எல்லாம் இறக்கிவிட்டு எங்களைக் காலனி வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். அங்கே பத்துப் பேர் சால்வையோடு நின்றார்கள். ஆட்டோவைக் கண்டதும் சால்வை கீழே இறங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் பக்கத்து ஆளிடம், எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "எதிர்ப்பார்ட்டி ஆட்டோலயே வந்து எறங்குறாங்க பாரு. இவங்கதான் நாயம் பேச வந்தவங்களா?"

டிரைவர் ஏழுமலை, தலைவர் பதவிக்குப் போட்டியிடும் குணசுந்தரியின் புருஷன். நாங்கள் யாரென்று அவருக்கும் தெரியாது, அவர் யாரென்று எங்களுக்கும் தெரியாது. சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போதைய தலைவர் தயாளன் நம்பினாரோ இல்லையோ, மறுநாள் காலையில் தன்னுடைய ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார். எங்கள் இருவரையும் ஆளுக்கு ஒரு சுற்று காலனி முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இப்ப சரியாப் போச்சு மேடம்" என்று இறக்கிவிட்டார். ஒட்டியேனோ பின்னால் உட்கார்ந்து போன காட்சியை அந்த ஊர் லேசில் மறக்காது.

தயாளன் ஆவடியில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். தெருவிளக்கும் தார் ரோடும் வந்தது அவர் அலைந்த அலைச்சலில்தான், அதை எதிர்த்தரப்பே ஒத்துக்கொள்கிறது. சிக்கலெல்லாம் ஒரு கேட்டில் இருந்தது.

காலனியில் முன்னால் மூன்று தெரு. அதற்குப் பின்னால் கடைசித் தெரு. அங்கே இருப்பவர்கள், இந்த இடமெல்லாம் வயலாக இருந்தபோது அதில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள். இப்போது பாதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். மூன்றாம் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கேட்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ சங்கிலியை அறுத்துக்கொண்டு அந்த வழியாக ஓடிவிட்டான் என்று சங்கம் அதைப் பூட்டியது. அன்றிலிருந்து கடைசித் தெருக்காரர்கள் மெயின் ரோட்டுக்கு ஏரிக்கரையைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தப் பாதையில் ஆட்டோ ஏறாது. ஏழுமலையே ஆட்டோவை மெயின் ரோட்டில் ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போகிறார். ஒட்டியேனோ கடிகாரத்தைப் பார்த்து நடந்தார். சுற்றி வர இருபத்தைந்து நிமிடம். கேட்டு திறந்திருந்தால் ஐந்து.

கேட்டைத் திறப்பேன், இது ஒன்றுதான் குணசுந்தரியின் வாக்குறுதி. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். போன மழைக்காலத்தில் விடியற்காலை ஷிப்டு வேனைப் பிடிக்க ஓடும்போது ஏரிக்கரைச் சேற்றில் வழுக்கி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. முன்னே மிஷினில் நின்றவளை இப்போது பெட்டி ஒட்டப் போட்டுவிட்டார்களாம். "மிஷினு சத்தம் இல்லாம தூக்கம் தூக்கமா வருதுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் தங்கியது சாமுவேல் சார் வீட்டில். அவர்தான் தேர்தல் அதிகாரி. கணக்கு வாத்தியார். நாலு தெருப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி அடித்தவர் என்பதால் இரண்டு தரப்பும் அவரை ஒத்துக்கொண்டிருந்தது. போன வருடத் தேர்தலில் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள், அதனால்தான் வெளியாட்களைக் கேட்டோம் என்று அவர் விளக்கினார். வேட்பாளர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம் என்று நான் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வீட்டு வாசல் வரைக்கும் போய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினால், அதையே எதிர் ஓட்டாக எடுத்துக்கொள்வார்களாம். ஆகவே இரண்டு வீட்டிலும் சாப்பிடுவது, சமமாகச் சாப்பிடுவது என்று முடிவானது.

தயாளன் வீட்டில் இட்லி, தேங்காய்ச் சட்னி. அப்புறம் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து குணசுந்தரி வீட்டில் இட்லி, வடகறி. பருப்பு வடையை உதிர்த்துப் போட்டு மசாலாவில் கொதிக்கவைத்த அந்த வடகறிக்கு எங்கள் ஊரில் ஈடு கிடையாது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒட்டியேனோவுக்கும் அதே எண்ணம்தான். தயாளன் வீட்டில் மூன்று இட்லி சாப்பிட்டவர் இங்கே ஐந்து சாப்பிட்டுவிட்டார். பத்து மணிக்குள் அந்தச் செய்தி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் தெருவில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "அங்க அஞ்சு, இங்க மூணாமே?" என்று கேட்டார். அன்று மாலை ஒட்டியேனோ தயாளன் வீட்டுக்குத் திரும்பிப் போய், பாக்கி இரண்டையும் தின்றுவிட்டு வந்தார்.

அடுப்புக் கதைக்கு வருகிறேன். சங்கத்தின் சட்டப்படி ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டு. கடைசித் தெருவில் ஒரே கதவு எண்ணில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம் இருக்கிறது. எது வீடு? கரண்டு மீட்டர் ஒன்று, வரி ரசீது ஒன்று, ஆனால் சமையல் மூன்று. போன வருடம் பெட்டி கிணற்றுக்குப் போனது இந்தச் சண்டையில்தான். சாமுவேல் சார் இந்த முறை ஒரு முடிவு எழுதி இரண்டு வேட்பாளரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்: தனி அடுப்பு இருந்தால் தனி வீடு. இந்த மக்கள் பரம்பரையாக அப்படித்தான் குடும்பத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள், அதனால் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒட்டியேனோ நோட்டில் எழுதிக்கொண்டு, இதைவிட நல்ல வாக்காளர் பட்டியல் விதியைத் தான் பார்த்ததில்லை என்றார்.

விதியை அறிவித்த மறுநாள் காலையில் நாலு தெருவிலும் அடுப்பு முளைத்தது. பதினைந்து வருடம் அம்மா கையால் தின்ற மகன்மார் எல்லாம் ஒரே இரவில் தனிக்குடித்தனம். மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பு. சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் ஓர் அடுப்பு. எந்தத் தரப்பு என்று பிரித்துச் சொல்லவே முடியாது, எல்லாரும் ஒரே மாதிரிக் களவு. அட கடவுளே, நான் சிரித்த சிரிப்பில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பிறகு சிரிப்பு நின்றுபோனது, ஏனென்றால் எது மெய் அடுப்பு, எது பொய் அடுப்பு என்று சொல்ல வேண்டியது நாங்கள். ஒட்டியேனோ தனக்கு வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும் என்று கையை விரித்துவிட்டார். ஆக, நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் பட்டியலில் குறிக்க வேண்டும். வியாழனும் வெள்ளியும் இதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சமைக்கிற அடுப்புக்குப் பின்னால் சுவரில் கடுகும் மஞ்சளும் தெறித்திருக்கும். தாளிப்பு எண்ணெய் சாமான் தட்டில் விரித்த பேப்பரில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். உப்பு ஜாடிக் கரண்டி ஈரமாக இருக்கும். பொய்யாக அடுப்பு வைப்பவர்கள் உப்பை மறந்துவிடுகிறார்கள், இதை நான் அங்கே கண்டுபிடித்தேன்.

மெய்யாகச் சமைக்கிற வீடுகளிலோ வேறு விதச் சோதனை. ருசி பார்க்காமல் விடமாட்டார்கள். ஒரு காலையில் பதினோரு ரசம் குடித்திருப்பேன். இவர்கள் எதற்கும் தேங்காய்ப்பால் விடுவதில்லை. நாங்கள் சொதி என்று ஒன்று வைப்போம் என்று விளக்கப்போய், மூன்றாம் தெருவில் ஒரு பெண் அங்கேயே தேங்காயை உடைத்துவிட்டாள். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். தேத்தண்ணீருக்கு மட்டும் இத்தனை சீனி போடலாமா என்று இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

தயாளனின் மகன் மாடியில் இருந்த அடுப்பில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரியவில்லை. பட்டியலிலிருந்து அடியுங்கள் என்றேன். ஒட்டியேனோ அடித்தார். தயாளனின் முகம் கறுத்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அவர் தெருவில் இன்னும் இரண்டு போனது. கடைசித் தெருவிலும் தகரக் கொட்டகை அடுப்பு போனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசியாக மிஞ்சியது குணசுந்தரி வீட்டு மாடி.

அங்கே அவளுடைய கொழுந்தன் கோபி இருக்கிறான். மெக்கானிக், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தனிச் சமையல் என்று பட்டியலில் எழுதியிருந்தார்கள். அடுப்பைப் பார்த்தேன். பழைய அடுப்பு, கரி படிந்து, பர்னரில் பால் பொங்கித் தீய்ந்த தடம். நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. உப்பு இல்லை. புளி இல்லை. திரும்பினால் வாசலில் குணசுந்தரி நிற்கிறாள். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, உனக்குத் தெரியாதா எங்க கஷ்டம்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒட்டியேனோ பென்சிலோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினால் போதும், சரி என்று குறித்துவிடுவார். ஆட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவளுடைய கோணல் மணிக்கட்டு என் கண் முன்னாலேயே இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு முறை, எங்கள் ஆட்கள்தானே என்று நான் கண்ணை மூடிக்கொண்டது உண்டு. ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு மணித்தியாலம். அதன் பிறகு மற்றத் தரப்பு செய்த நூறு அநியாயத்தை நான் எடுத்துச் சொன்னபோது ஒருவரும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அந்த அவமானம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. "அடியுங்கள்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

குணசுந்தரி சத்தம் போடவில்லை. அதுவரை என்னிடம் வா, போ என்று உரிமையாகப் பேசிக்கொண்டிருந்தவள், "நீங்கள்லாம் ப்ளேன் ஏறிப் பூடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சனிக்கிழமை அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவளும் அவள் கூட வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேரும் மூன்றாம் தெருவில் வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போக வேண்டும். தெரு முனையில் தயாளனின் அண்ணன் மகன்கள் பைக்குகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், எந்த நாட்டிலும் அது ஒன்றுதான். பெண்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் கூட நடப்பதுதான் எங்கள் தொழில். ஒட்டியேனோ முன்னால் போய் பைக்கின் விலையைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் அந்தப் பையன்களிடம் ஆங்கிலத்தில் அக்கறையாக விசாரித்தார். பெண்கள் உள்ளே போனார்கள். என்னோடு பேசாதவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு நான் அறுபது வாசல் ஏறி இறங்கினேன்.

கதவுகள் திறந்தன. அதைச் சொல்ல வேண்டும். பாதிப் பேராவது அவள் சொன்னதை நின்று கேட்டார்கள். சொதிக்காரப் பெண் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் ஓட்டு. பெட்டி என்பது சாமுவேல் சார் வீட்டு அரிசி டின், மூடியில் வெட்டு, சுற்றி நூல், மேலே அரக்கு. காவலுக்கு வந்த ஒற்றை போலீஸ்காரர் பதினொரு மணிக்குக் குறட்டை விட்டார். மத்தியானத்துக்குள் எல்லா அடுப்புக்காரர்களும் வந்து போட்டுவிட்டார்கள். சாமுவேல் சார் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து இரண்டு பக்கமும் காட்டி, கரும்பலகையில் கோடு போட்டார். இரண்டு வரிசைக் கோடுகளும் கூடக்கூடவே ஏறிக்கொண்டு போயின. கடைசிச் சீட்டு தயாளனுக்கு விழுந்தது. ஒரே ஓர் ஓட்டில் அவர் ஜெயித்தார்.

நான் அடிக்கச் சொன்ன அந்த ஓர் அடுப்பு இருந்திருந்தால் இரண்டு பேரும் சமம்.

கோபிக்கும் அது விளங்கிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். எங்க ஓட்ட அடிச்சுட்டுதானே ஜெயிச்சீங்க என்று கத்தினான். அந்தப் பக்கம் பைக் பையன்கள் எழுந்தார்கள். போலீஸ்காரர் முழித்துக்கொண்டு தொப்பியைத் தேடினார். நானும் ஒட்டியேனோவும் நடுவில் போய் நின்றோம். கை விரிந்திருக்க வேண்டும், குரல் உயரக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. இதெல்லாம் வகுப்பில் படித்த பாடம். ஒட்டியேனோ கோபியைப் பார்த்து, அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்ட இரண்டே இரண்டு தமிழ் வார்த்தையைச் சொன்னார்: "தம்பி, தண்ணி."

கோபி அப்படியே நின்றான். வயதில் பெரியவர் தண்ணீர் கேட்கிறார். கொடுக்க வேண்டுமானால் நாற்காலியைக் கீழே வைக்க வேண்டும். அவன் முழித்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குணசுந்தரியின் குரல் வந்தது.

"கோபி, அந்தச் சேரக் கீழ வை. அந்த அடுப்பு நான் வச்சது. முத்தாபுதுப்பேட்டையில எங்க அம்மா ஊட்லருந்து நாந்தான் தூக்கினு வந்தேன். அந்தக்கா சொன்னது நெசம். நான் தோத்துட்டேன், ஊட்டுக்குப் போலாம் வா."

சொல்லிவிட்டு முன்னால் வந்தாள். சாமுவேல் சார் நீட்டிய முடிவுத் தாளில், கோணல் கையால் பேனாவை இறுக்கிப் பிடித்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். ஜெயித்த தயாளனின் முகத்தில் ஈயாடவில்லை. போட வந்த மாலையைக் கையாலேயே ஒதுக்கிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். கோபி நாற்காலியை வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒட்டியேனோவிடம் கொடுத்தான்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. சாமுவேல் சார் நல்ல தேர்தல் என்றார், ஒட்டியேனோவும் அதையே சொன்னார். எனக்கும் தெரியும் நல்ல தேர்தல் என்று. ஆனால் கேட்டு பூட்டியபடிதானே இருக்கிறது.

திங்கட்கிழமை நாங்கள் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது அந்தப் பெண்களை ஷிப்டு வேனில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் பேசாவிட்டால் போகட்டும். ஐந்து மணிக்கு முன்பே ஒட்டியேனோவையும் எழுப்பிக்கொண்டு, அவர்கள் புறப்படும்போது கேட்டின் கம்பி வழியாக நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, மெயின் ரோட்டில் காத்திருக்கலாம் என்று மூன்றாம் தெரு வழியாகப் போனேன். மார்கழிப் பனி. கேட்டுக்குப் பக்கத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

தயாளன்தான். லுங்கியும் மஃப்ளருமாகக் குந்தியிருந்து பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் மழையில் கிடந்த பூட்டு, சாவி திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். எங்களைக் கண்டதும் கூச்சப்பட்டு எழுந்தார். ஒட்டியேனோ டார்ச்சை வாங்கிப் பிடித்தார்.

"ஜெயிச்சது நான்தான் மேடம்" என்றார் தயாளன், பூட்டைப் பார்த்துக்கொண்டே. "எம் பையன் மாடியிலயும் பொய் அடுப்புதான். நான் அதைச் சபையில சொல்லலையே. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ராத்திரி முழுக்க அதேதான் காதுல கேட்டுகினே கீது."

மூன்றாவது தடவை எண்ணெய் விட்டபோது பூட்டு கடக்கென்றது. கேட்டு துருப்பிடித்து மண்ணில் புதைந்திருந்தது, மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். அந்தப் பக்கம் ஏரிக்கரைப் பாதையில் திரும்ப இருந்த பெண்கள் சத்தம் கேட்டு நின்றார்கள். கையில் செல்போன் வெளிச்சமும் சாப்பாட்டுப் பையும். யாரும் நகரவில்லை. குணசுந்தரிதான் முதலில் வந்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் நின்று, தயாளனைப் பார்த்துக் கேட்டாள்:

"சாய்ந்தரம் ஆறு மணிக்குத் திரும்பி வருவோம் அண்ணாத்தே. அப்பவும் தொறந்திருக்குமா?"

அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, "ஏழு மணிக்குப் பூட்டுவேன். அதுக்குள்ள வந்துடுங்கம்மா" என்றார்.

ஒன்பது பெண்கள் வரிசையாக உள்ளே வந்து மூன்றாம் தெரு வழியாக நடந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நானும் பின்னாலேயே போனேன். மெயின் ரோடு வந்துவிட்டது. வேன் இல்லை. டீக்கடைக்காரர் அப்போதுதான் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் ரோட்டைப் பார்ப்பதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுமாக நின்றார்கள். ஒருத்தி மற்றவளின் போனை எட்டிப் பார்த்து மணி சரிதானா என்று கேட்டாள்.

குணசுந்தரி பூட்டியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்தாள். நான் தள்ளி நின்றேன். அவள் படியில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன்.

"இருவது நிமிசம் கீதுக்கா" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "இன்னா பண்றதுன்னே தெரில."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு இந்நேரம் தூங்கினு இருப்பேன்" என்று சொல்லி, ஷட்டரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். இரண்டு நிமிடத்தில் மூச்சு சீராகிவிட்டது. வேன் வந்தால் எழுப்ப வேண்டுமே என்று நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.